வீதி விளக்குக் கம்பத்தில் இருக்கும் அந்தப் பெட்டி என்ன? மலையக நகரங்களுக்கான முழுமையான வழிகாட்டி

வீதி விளக்குக் கம்பத்தில் நேற்று வரை இல்லாத ஒரு பெட்டி இன்று தொங்குகிறது. "டவர்" என்கிறார் ஒருவர். "ஒளிந்து பார்க்கும் கமரா" என்கிறார் இன்னொருவர். கதிர்வீச்சு என்று பயந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீதியின் மறுபக்கத்தால் நடக்கிறார் ஒரு தாய். மூவரில் யாரும் அதை உற்றுப் பார்த்ததில்லை.

ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இப்படிப்பட்ட கம்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். உயர்தர மாணவர்கள் சிலரும் உடன் வருகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள்: கம்பத்தடிக்கு வந்ததும் கைபேசியை எடுத்துவிடுகிறார்கள். திரையில் வலுவாகத் தெரியும் பெயர்தான் மேலே இருக்கும் பெட்டி என்று முடிவு கட்டுகிறார்கள். கண், கம்பி, திசை, அந்தி, அதன் பிறகே கைபேசி, கடைசியில் கடிதம் என்பதுதான் சரியான வரிசை. வரிசையை மாற்றினால் தவறான விடை வரும்; அதைவிடக் கெட்டது, அது சரியான விடை போலவே தோன்றும்.

1. புறப்படுமுன் எடுத்துக்கொள்ள வேண்டியவை

எட்டு மடங்கு உருப்பெருக்கும் சாதாரணத் தொலைநோக்கி ஒன்று போதும். இல்லையென்றால் ஒளியியல் பெருக்கம் உள்ள கைபேசிக் கமராவைப் பயன்படுத்தலாம். இலக்கமுறைப் பெருக்கத்தில் எழுத்துகள் கலங்கிவிடும் என்பதால் அதனால் பயனில்லை.

குறிப்பேட்டுடன் பென்சிலையே கொண்டுபோங்கள். மூடுபனியில் நனைந்த தாளில் மை ஊறி, நீங்கள் எழுதிய கம்ப இலக்கம் வீடு திரும்புமுன் அழிந்துபோகும்.

இருவராகப் போவது கட்டாயம். ஒருவர் அண்ணாந்து பார்க்கும்போது மற்றவர் வீதியைப் பார்க்க வேண்டும். நடைபாதை இல்லாத வளைவுகளில் பஸ் எந்த நேரமும் திரும்பி வரும்.

காலை பத்து மணிக்குள் பார்வை வேலையை முடித்துவிடுங்கள். நுவரெலியா, நானுஓயாப் பக்கம் பிற்பகலில் பனி இறங்கினால் விளக்குத் தலையே தெரியாது. அந்தி நேரத்துக்கு ஒரு வேலை தனியாக இருக்கிறது. அது ஆறாம் படியில் வரும்.

2. தொடாதீர்கள், ஏறாதீர்கள்

விளக்குக்குப் போவது 230 வோல்ற்று மின்சாரம். மழையில் ஊறிய கொங்கிரீட் கம்பத்திலும், காப்பு உரிந்த கம்பி உரசும் இரும்புக் கம்பத்திலும் மின்கசிவு இருக்கலாம். சாய்ந்து நின்று படம் எடுப்பதும் வேண்டாம். தொங்கும் கம்பி எதையும் "இது தொலைபேசிக் கம்பிதான்" என்று விலக்கிவிடாதீர்கள்.

கம்பத்துப் பெட்டிகளின் அடியில் குளவி கூடு கட்டும். தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களுக்குக் குளவிக் கொட்டு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தடியால் தட்டிப் பார்க்கும் எண்ணமே வரக் கூடாது. முதலில் தொலைவில் நின்று தொலைநோக்கியால் கூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

காவல் நிலையம், இராணுவ முகாம், பிதுருதலாகல போன்ற பாதுகாப்பு வலய எல்லை ஆகியவற்றுக்கு அருகே படம் எடுக்காதீர்கள்.

3. கம்பம் யாருடையது என்று முதலில் எழுதுங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஆனால் கடைசிப் படி முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

கம்பமும் அதிலுள்ள விளக்கும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. கம்பம் பெரும்பாலும் மின்விநியோக நிறுவனத்துடையது. விளக்கைப் பராமரிப்பது பொதுவாக மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபை. ஏ5, ஏ7 போன்ற பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. இதே கம்பத்தில் தொலைத்தொடர்பு நிறுவனம் தன் கம்பியையும் கொண்டுபோயிருக்கலாம்.

கம்பத்தில் தீந்தையால் எழுதிய இலக்கம் அல்லது அடித்த தகடு இருந்தால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் கம்பங்களின் இலக்கங்களையும் கைபேசி காட்டும் அகலாங்கு, நெட்டாங்கையும் குறியுங்கள். "கோயிலடிக் கம்பம்" என்று எழுதினால் எந்த அலுவலகத்திலும் விடை கிடைக்காது.

4. கம்பியைப் பின்தொடருங்கள்

முழு வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. ஒரு கருவி வானொலி அலை வீச வேண்டுமானால் அதற்கு மின்சாரம் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்று காட்ட முடியாத பெட்டியைக் கம்பியில்லாக் கருவி என்று சொல்ல உங்களுக்கு இன்னும் ஆதாரம் இல்லை.

மலையகத்துக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நம் நகரங்களில் வீதி வளைந்து மேலேறும். கீழ் வீதிக் கம்பத்தின் தலை, மேல் வீதியில் நிற்பவரின் கண்மட்டத்தில் இருக்கும். சமவெளியில் ஏணி வைத்தால்தான் தெரியும் லேபலை இங்கே தொலைநோக்கியால் படித்துவிடலாம். ஆகவே கம்பத்தடியிலேயே நிற்காமல் மேல் வீதிக்கும், முடிந்தால் எதிர்ச்சரிவுக்கும் போய்ப் பாருங்கள்.

பொதுவாக மின்கம்பிகள் மேலே இருக்கும், தொலைத்தொடர்புக் கம்பிகள் அவற்றுக்குக் கீழே ஓடும். பெட்டிக்குள் நுழையும் ஒவ்வொரு கம்பியையும் அது எங்கிருந்து கிளம்புகிறதோ அதுவரை கண்ணால் நடந்து போங்கள்.

மெல்லிய கறுப்புக் கம்பிகள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் பல வீடுகளுக்குப் பிரிகின்றன, கம்பத்தில் மிச்சக் கம்பி வளையமாகச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது, மின்கம்பி எதுவும் இல்லை என்றால் அது வீடுகளுக்கு இணைய இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் ஒளியிழைப் பகிர்வுப் பெட்டி. அதற்குள் மின்சாரமே கிடையாது, அலையும் வீசாது. மாணவர்கள் "மர்மப் பெட்டி" என்று எனக்குக் காட்டியவற்றில் மிகுதியானவை இவைதான்.

பென்சில் தடிப்புள்ள வட்டக் கம்பி ஒரு பக்கம் நுழைந்து அதே வகைக் கம்பி மறுபக்கம் வெளியேறுகிறது, பெட்டி உலோகத்தாலானது, வெப்பம் வெளியேறச் செதில் செதிலாக இருக்கிறது என்றால் அது கேபிள் தொலைக்காட்சியின் பெருக்கி. செதில்களைப் பார்த்துவிட்டு "டவர்" என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். செதில் வெப்பத்துக்கான அடையாளம் மட்டுமே. அன்டனா இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒரே ஒரு கம்பி மட்டும் நுழைகிறது, அது தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருக்கிறது, அருகிலுள்ள கட்டடத்திலிருந்தோ கம்பத்திலுள்ள வேறொரு பெட்டியிலிருந்தோ வருகிறது என்றால் அது தரவையும் மின்சாரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும் ஈதர்நெட் கம்பியாக இருக்கலாம். அதன் வழமையான எல்லை 100 மீற்றர். மின்கம்பி இல்லை என்ற அவசர முடிவில் இந்த வகை தப்பிவிடும்.

மின்சார இணைப்பு, அதற்கென்றே ஒரு மானிப் பெட்டி அல்லது சுற்றுடைப்பான், பச்சை மஞ்சள் நிறத் தடித்த புவிக்கம்பி, கூடவே ஒளியிழை என எல்லாம் சேர்ந்திருந்தால், கைபேசி வலையமைப்பின் சிறு நிலையம் என்ற ஊகத்துக்கு வலுவான அடிப்படை கிடைத்துவிட்டது.

சூரியத் தகடு மட்டும் இருந்தால் சிறிதளவு மின்சாரத்தில் வேலை செய்யும் உணரியாக (சென்சர்) இருக்கலாம். மின்கலத்திலேயே ஆண்டுக்கணக்கில் இயங்கும் சிறு உணரிகளும் உண்டு. கைப்பிடி அளவிலான பெட்டிகளுக்கு மட்டும் இந்த விதிவிலக்கை நினைவில் வையுங்கள்.

ஹட்டனுக்கு வெளியே ஏ7 வீதி வளைவிலுள்ள ஒரு கம்பத்தைச் சொல்கிறேன். அதில் அப்பியாசக் கொப்பி அளவிலான வெள்ளைத் தகடு ஒன்று. அதன் கீழே சாம்பல் நிறப் பெட்டி. இரண்டும் ஒரே கருவி என்று மாணவர்கள் எழுதியிருந்தார்கள். மேல் வீதியிலிருந்து பார்த்தபோது சாம்பல் பெட்டிக்கு வந்தவை ஒளியிழைகள் மட்டுமே. வெள்ளைத் தகட்டின் ஒற்றைக் கம்பி அந்தப் பெட்டிக்குள் போகவே இல்லை; கம்பத்தைச் சுற்றிப் பின்னாலிருந்த கமராவின் பக்கம் போனது. ஒரு கம்பத்தில் இரண்டு கருவிகள், அநேகமாக இரண்டு உரிமையாளர்கள். கம்பியைப் பின்தொடராவிட்டால் இதைக் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை.

5. வடிவம், அளவு, பார்க்கும் திசை

இனி அன்டனாவைப் பாருங்கள். நிமிர்ந்த குச்சி எல்லாத் திசைக்கும் வீசும். தட்டையான தகடு முன்பக்கம் மட்டும் வீசும். கிண்ணமும் வெள்ளை மூடியிட்ட மேளம் போன்றதும் ஒரே புள்ளியை நோக்கி மிகக் குறுகிய கற்றையை அனுப்பும்.

அலைநீளத்தை அறிய 300ஐ மெகாஹேர்ட்ஸில் உள்ள மீடிறனால் வகுத்தால் போதும். விடை மீற்றரில் வரும். 900 மெகாஹேர்ட்ஸுக்கு ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர். வைஃபையின் 2,400 மெகாஹேர்ட்ஸுக்கு 12.5 சென்ரிமீற்றர். மீன்முள் போன்ற அன்டனாவின் குறுக்குக் குச்சிகள் அலைநீளத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். குச்சி ஏறக்குறைய 16 சென்ரிமீற்றர் என்றால் 900 பக்கம், 8 சென்ரிமீற்றர் என்றால் 1,800 பக்கம். அதே படத்தில் தெரியும் விளக்குத் தலையோடு ஒப்பிட்டு அளவை மதிப்பிடலாம்.

பிளாஸ்ரிக் உறைக்குள் இருக்கும் நிமிர்ந்த குச்சியின் நீளத்தை மட்டும் இப்படிக் கணக்கிடாதீர்கள். உறைக்குள் பல அன்டனாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கலாம். வெளி நீளம் எதையும் நிரூபிக்காது.

தகடோ கிண்ணமோ இருந்தால் அது பார்க்கும் திசையைத் திசைகாட்டியால் அளந்து எழுதுங்கள். கம்பத்தின் இரும்பு ஊசியைத் திருப்பிவிடும் என்பதால் பத்து மீற்றராவது விலகி, கருவியின் நேர்கோட்டில் நின்று அளக்க வேண்டும். இலங்கையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 2 பாகைதான். இந்த வேலைக்கு அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

பிறகு வரைபடத்தில் அந்தக் கோட்டை நீட்டுங்கள். மலை நாட்டில் கற்றை மலையைத் துளைத்துப் போகாது. ஆகவே மறுமுனை கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் இருக்க வேண்டும்: எதிர்ச்சரிவு, ஒரு கட்டடக் கூரை, அல்லது ஒலி, ஒளிபரப்புக் கோபுரங்கள் நிற்கும் உயரமான முகடு. கண்டியில் ஹந்தானையையும் பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் நாயபெத்தையையும் முதலில் சரிபாருங்கள். கூகுள் எர்த் புரோவில் பாதை வரைந்து உயர வரைவைப் பார்த்தால் இடையில் மேடு மறிக்கிறதா என்று உடனே தெரியும்.

நான் சொன்ன ஹட்டன் கம்பத்தின் வெள்ளைத் தகடு எந்த முகட்டையும் பார்க்கவில்லை. கோட்டை நீட்டினோம். அடுத்த வளைவுக்கு மேலே இன்னொரு கம்பத்தில் அதே அளவு வெள்ளைத் தகடு, இதை நேருக்கு நேர் பார்த்தபடி இருந்தது. இரண்டும் சோடி. கமராவின் படத்தை மேலே அனுப்பும் இணைப்பு என்பது அப்போதே பெரும்பாலும் உறுதியாகிவிட்டது. கைபேசி இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தது.

உணரிகளில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்பக்கம் திறந்த புனல் போன்ற உருளை, பக்கத்தில் சூரியத் தகடு, சிறு அன்டனா என்றால் அது தானியங்கி மழைமானி. மரமோ கம்பமோ மறைக்காத வெளியில் வைக்க வேண்டியது என்பதால் விளக்குக் கம்பத்தில் அரிதாகவே இருக்கும். அருகில் தனிக் குட்டைக் கம்பத்தில் நிற்கும். மண்சரிவு எச்சரிக்கைக்காகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மானிகளை மலைநாட்டில் பயன்படுத்துகிறது. 2014 ஒக்ரோபர் 29 அன்று மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மறக்காதவர்கள், இந்தப் புனலில் பிள்ளைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புனல் அடைபட்டால் பெய்த மழை கணக்கில் வராது.

6. விளக்கின் தலையிலுள்ள மூடிக்கு அந்திவரை காத்திருங்கள்

விளக்கின் மேலே சிறு டப்பா போல ஒரு மூடி இருக்கும். அது வெறும் ஒளியுணர் சுவிட்சாகவும் இருக்கலாம். தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் கம்பியில்லாக் கருவியாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே வகைப் பொருத்தியில் உட்காருவதால் வெளித்தோற்றம் ஏமாற்றும். நடத்தைதான் காட்டிக்கொடுக்கும்.

சூரியன் மறைவதற்குச் சற்று முன்னிருந்து அரை மணி நேரம் நின்று, ஒவ்வொரு விளக்கும் எரியத் தொடங்கும் நேரத்தை எழுதுங்கள். மலை நிழலில் உள்ள விளக்கு முதலிலும், மேற்கு வெளிச்சம் படும் விளக்கு சில நிமிடங்கள் கழித்தும் எரிந்தால் அவை தனித்தனி ஒளியுணரிகள். முழு வரிசையும் ஒரே கணத்தில் எரிந்தால் பொதுவான சுவிட்சோ நேரமானியோ இருக்கலாம். நள்ளிரவுக்குப் பிறகு விளக்குகள் அணையாமல் ஒளி மட்டும் மங்கினால், கட்டுப்படுத்தும் கருவி இருக்கிறது என்று எழுதலாம். அது கம்பியில்லாமல் கட்டளை பெறுகிறதா, முன்பே அமைத்த நேரப்படி மங்குகிறதா என்பதைப் பராமரிப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

7. இப்போது கைபேசி: வைஃபை

அன்ட்ரொய்ட் கைபேசியில் வைஃபை அலசும் செயலி ஒன்றைப் போடுங்கள். அன்ட்ரொய்ட் தேடல்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதால் திரையிலுள்ள எண் பழையதாக இருக்கும். உருவாக்குநர் அமைப்புகளில் அந்தக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஏர்போர்ட் யுடிலிட்டி செயலியின் வைஃபை தேடலை அமைப்புகளில் திறந்து பயன்படுத்தலாம்.

ஓரிடத்தில் எடுத்த அளவு எதையும் சொல்லாது. கம்பத்திலிருந்து 80 மீற்றர், 40, 20, பிறகு கம்பத்தடி, அதைக் கடந்து மறுபக்கம் 20, 40 என்று நடந்து ஒவ்வோர் இடத்திலும் அலையின் வலுவைக் காட்டும் டிபிஎம் (dBm) அளவை எழுதுங்கள். இந்த அளவு மைனஸில் வரும். பூச்சியத்துக்கு நெருங்க நெருங்க அலை வலுவானது. தடையற்ற வெளியில் தூரம் பாதியானால் அளவு 6 டெசிபெல் கூடும். ஏற்றமும் இறக்கமும் கம்பத்தை நடுவாகக் கொண்டு அமைந்தால்தான் அந்தப் பெயர் கம்பத்துக்கு உரியது.

நேர் கீழே நின்றால் அளவு குறைவதைக் கண்டு குழம்பாதீர்கள். நிமிர்ந்த குச்சி பக்கவாட்டில்தான் வலுவாக வீசும், தன் காலடியில் வலுவிழக்கும். கம்பத்தடியைவிட மேல் வீதியில் அளவு கூடினால், அலை பெட்டியின் உயரத்திலிருந்து வருகிறது என்பதற்கு அது நல்ல சான்று.

ஹட்டன் கம்பத்தடியில் மிக வலுவாகத் தெரிந்தது ஒரு பேக்கரியின் வைஃபை. நடந்து அளந்ததும் உச்சம் கம்பத்தில் வரவில்லை. பேக்கரி வாசலில் வந்தது.

பெயரோடு வரும் பன்னிரண்டு இலக்க மேக் முகவரியையும், அதாவது கருவியின் அடையாள எண்ணையும், எழுதுங்கள். முதல் ஆறு இடங்கள் தயாரிப்பாளருக்கு ஒதுக்கப்பட்டவை, இணையத்தில் தேடலாம். இரண்டாவது இடத்தில் 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது கருவி தானே வகுத்துக்கொண்ட முகவரி, தேடிப் பயனில்லை. தயாரிப்பாளர் யார் என்று தெரிந்தாலும் உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடாது. ஒரே நிறுவனத்தின் கருவியைச் சபையும் வாங்கும், கடைக்காரரும் வாங்குவார்.

தெரியாத வலையமைப்பில் இணையவோ கடவுச்சொல்லை ஊகிக்கவோ வேண்டாம். வெளியே அறிவிக்கப்படும் பெயரைப் படிப்பது வேறு, உள்ளே நுழைவது வேறு. பிறர் தொடர்பை இடைமறிப்பது தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம்.

8. கைபேசி: செல் நிலையம்

செல் விவரம் காட்டும் செயலியில் நாட்டு இலக்கம் 413 என்று வரும். அதைத் தொடரும் 01 மொபிடெல், 02 டயலொக், 05 முன்பு எயார்டெல் (2024இல் டயலொக்குடன் இணைந்தது), 08 ஹட்ச். உங்கள் சிம் எந்த நிறுவனத்துடையதோ அதன் நிலையத்தைத்தான் கைபேசி முறையாகக் காட்டும். ஆகவே நண்பர்களின் கைபேசிகளிலும் பார்க்க வேண்டும்.

முன்போலவே நடந்து, கம்பத்தருகே புதிய செல் எண் (நிலையத்தின் அடையாள எண்) ஒன்று தோன்றி, விலகியதும் மறைகிறதா என்று பாருங்கள். சில கைபேசிகள் எல்டிஇ (4ஜி) நேர முன்னகர்வு அளவையும், அதாவது நிலையம் எவ்வளவு தூரத்தில் என்று காட்டும் எண்ணையும், காட்டும். அதன் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 78 மீற்றர். கம்பத்தடியில் 0 அல்லது 1 என்றால் நிலையம் அருகில். 20 என்றால் உங்கள் கைபேசி ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மலைக்கோபுரத்துடன் பேசுகிறது. தலைக்கு மேலே உள்ள பெட்டியுடன் அல்ல.

அந்தத் தாயின் பயத்தையும் தள்ளிவிடக் கூடாது. இந்த அலைகள் அணுக்களை அயனாக்கும் வகை அல்ல. இத்தகைய அலைகளிலிருந்து பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழுவின் (ICNIRP) வழிகாட்டலின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு, பொதுமக்களுக்கான வரம்பை 2 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் ஒரு சதுர மீற்றருக்கு 10 வாற்று என்று வைத்திருக்கிறது. கைபேசிச் செயலியால் அதை அளக்க முடியாது. "கதிர்வீச்சுமானி" என்ற பெயரில் வரும் செயலிகளை நம்பி யாரையும் பயமுறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் அளந்து சொல்லுமாறு தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள்.

9. கடைசியாகக் கடிதம்

முதலில் விளக்கைப் பராமரிக்கும் சபைக்குப் போங்கள். கம்ப இலக்கம், பகலில் எடுத்த இரண்டு படங்கள், உங்கள் ஊகம் ஆகியவை ஒரே தாளில் இருக்கட்டும். "இது என்ன?" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "இந்த இலக்கக் கம்பத்தில் கமரா இணைப்பு ஒன்று இருக்கிறது, இதற்கு அனுமதி பெற்றவர் யார்?" என்று கேட்டால் கோப்பைத் தேடுவார்கள். ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்ட பிறகுதான் இந்த வேறுபாட்டை நான் கற்றேன்.

வாய்வழி பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கூறத் தேவையில்லை. ஒரு விண்ணப்பத்தில் ஒரு கம்பம் மட்டும் இருக்கட்டும். பத்துக் கம்பங்களைச் சேர்த்தால் ஒன்றுக்கு விடை தெரியாததால் ஒன்பதும் தாமதமாகும்.

10. குறிப்பேட்டில் எழுதும் முறை

"கண்டது", "அளந்தது", "ஊகித்தது", "உறுதிப்படுத்தியவர்" என நான்கு பத்திகள் (நிரல்கள்) போடுங்கள். ஊகத்தைக் கண்டதன் பத்தியில் எழுதுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. "வைஃபை கருவி" என்பது கண்டதல்ல. "இரண்டு குச்சியுள்ள வெள்ளைப் பெட்டி" என்பதுதான் கண்டது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் உங்கள் குறிப்பைப் படித்துத் தன் முடிவுக்கு வர முடிய வேண்டும்.

பெருமழைக் காலம் முடிந்ததும் ஒருமுறை திரும்பிப் போய்ப் பாருங்கள். மரம் விழுந்து கம்பம் மாறியிருக்கும், தகடு காற்றில் திரும்பியிருக்கும். ஹட்டன் கம்பத்தின் நான்காவது பத்தியில் இப்போது சபையின் பதில் இருக்கிறது: போக்குவரத்துக் கமரா, மேல் வளைவுக் கம்பத்துக்கு இணைப்பு. சாம்பல் பெட்டிக்கு நேரே அந்தப் பத்தி இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதன் உரிமையாளருக்கு எழுதிய கடிதம் போன வாரம்தான் தபாலில் போனது.